மெல்லுடலிகள், பக்கம் பதினொன்று

மலை இறங்கி வரும் கோழி வண்டிகளுக்கு
டயர் நனைய மருந்தடிப்பது என் வேலை.
புளியரை சோதனைச் சாவடி, இரவுப் பணி.
இரண்டு வண்டிகளுக்கு நடுவே
சில நாள் பத்து நிமிடம்,
சில நாள் ஒரு தூக்கம் போடும் நேரம்.
அதற்குள் சங்குகளைப் பிரித்தாக வேண்டும்.

என் தொகுப்பின் பொருள் மெல்லுடலிகள்.
நத்தை, கணவாய், சோழி, ஆளி.
பத்துப் பக்கம் வரை தகராறில்லை.
பெயர் வாயில் நுழையாத தீவு நாடு ஒன்று
தன் சோழிகளை எட்டு வண்ணத்தில் அச்சடித்திருக்கிறது,
ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பெயரோடு.
பதினொன்றில் திருவிதாங்கூர் வந்து நின்றது.

"சங்கு இவிடே பிராணியல்ல மொழி மேடம், சின்னம்"
என்றார் புனலூர் ஐப்பு.
உயிரோடிருக்கிறதா, செத்ததா, நோயுண்டா,
இதற்குத்தான் எங்களுக்குப் பயிற்சி.
சின்னமா என்று பார்க்கச் சொல்லித்தரவில்லை.
தபால்தலையைக் கவிழ்த்து விளக்கில் பிடித்தேன்.
தாளுக்குள்ளும் நீர்க்குறியாய்ச் சங்கு,
சின்னச் சின்னதாய், கரையேறாத கூட்டம்.
சேர்த்துக்கொண்டேன்.

அடுத்தது மேலச்சு.
அதே சங்கு, அதே ஆறு காசு,
மேலே கறுப்பில் வளைந்த ஓர் 'ஆன்',
கீழே இரண்டு 'எஸ்'.
சர்க்கார் வேலைக்கு மட்டும் என்று அர்த்தம்.
முதுகெலும்பில்லாத ஒன்றின் முதுகில்
அரசுப் பணி என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்
தனியாகச் சிரித்தேன்.
பதினெட்டு வருட சர்வீஸ் எனக்கு.
சாவடி நாய் தலைதூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்தது.

கொல்லம் கண்காட்சிக்காரர்கள் அனுப்பிய தாளில் இருக்கிறது:
படத்தை மாற்றாத மேலச்சு
பொருள்வாரித் தொகுப்பில் புதிய இனமாகாது.
சரி.
ஆனால் இந்த ஒன்றில் 'ஆன்' நழுவி இறங்கி
சங்கின் வாயை அடைத்திருக்கிறதே,
இது படத்தை மாற்றியதா இல்லையா?
"ஊத இயலாத நிலை" என்று பென்சிலில் எழுதி
அழித்தேன்.

தாள், படம், மேலச்சு, அஞ்சல் முத்திரை.
அடியிலிருந்து மேலே இதுதான் வரிசை.
ஐப்பு நானூறு ரூபாய்க்குக் கொடுத்ததை
கடைசியாக லென்ஸில் வைத்தேன்.
முத்திரையின் வட்டக்கோடு
'எஸ்'ஸுக்கு அடியில் ஓடியது.
மறுபடி துடைத்துப் பார்த்தேன். அடியில்தான்.
கடிதத்தோடு போய்ச் சேர்ந்து
எல்லாம் முடிந்த பிறகு
யாரோ அதற்கு நியமன ஆணை கொடுத்திருக்கிறார்கள்.

மணி மூன்று. ரப்பர் வெட்டக் கிளம்பும் நேரம்,
நெற்றி விளக்கோடு ஃபோனை எடுத்தார்.
சொன்னேன். தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.
"எனக்கும் ஒருத்தன் விற்றதாணு. காசு திருப்பித் தராம்."
பிறகு, சமாதானத்துக்கு என்று நினைக்கிறேன்,
"பின்னே உங்க செங்கோட்டையும் ஐம்பத்தாறில்
அப்படித்தானே மேலே வேற பேரை அடிச்சு…"
என்று தொடங்கினார்.
வண்டி வருது என்று வைத்துவிட்டேன்.
வண்டி வரவில்லை.

பக்கம் பதினொன்று, கடைசிக் கட்டம்.
சங்கு அசல். வேலை போலி.
அப்படியே எழுதி ஒட்டினேன்,
நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம்தான் வந்தது, தார்ப்பாய் மூடி,
ஆலப்புழைப் பக்கத்து வாத்துகள், ஆயிரத்துச் சொச்சம்.
டிரைவர் கீழே இறங்காமலே சான்றிதழை நீட்டினார்.
லென்ஸ் இன்னும் கையில் இருந்தது.
முத்திரைக்கு மேலே தேதி.
வட்டக்கோடு நாலாம் எண்ணுக்கு அடியில் ஓடியது.

திருப்பி அனுப்பினேன்.
கோட்டைவாசல் வளைவு வரை
வாத்துகள் என்னைத் திட்டிக்கொண்டே போயின.